மேல்மாடி காலி

கடைத்தெரு மூலையில் இருக்கும் அந்தப் பழைய கட்டடத்தில் வாசல் காவல் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்தத் தெருக்காரர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று நினைத்து நினைத்து அவர் பூரித்துப் போனார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். போகிறவர்கள், வருகிறவர்கள், கடைகளில் வேலை செய்கிற பெண்கள், மூட்டை தூக்குகிறவர்கள், எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். சும்மா உதட்டோரச் சிரிப்பு இல்லை, பல் தெரியச் சிரித்தார்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்த ஒருவர் நின்று, இவரைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு மறுபடி ஓடினார். இவரும் சளைக்காமல் எல்லாருக்கும் திருப்பிச் சிரித்தார். இப்படிப்பட்ட மனிதர்களை என் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று வீட்டில் அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்.

விஷயம் அவர் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டடத்தின் மாடி வாடகைக்கு இருக்கிறது என்று ஒரு போர்டு எழுதி மாட்டும்படி முதலாளியம்மா சொல்லியிருந்தார். இவரும் ஒரு தகரத்தைத் தேடி எடுத்து, இருந்த கொஞ்சம் பெயிண்டில் சுருக்கமாக "மேல்மாடி காலி" என்று கொட்டை எழுத்தில் எழுதி, வாசலில் இருந்த ஒரே கொக்கியில் மாட்டினார். அந்தக் கொக்கிக்கு நேர் கீழேதான் அவருடைய நாற்காலி. மூளை இல்லாதவனை நாம் என்னவென்று சொல்வோம் என்று உங்களுக்கே தெரியும். அதை எழுதி, தலைக்கு மேல் மாட்டி, அதற்கடியில் உட்கார்ந்து ஊரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர் உலகத்திலேயே இவர் ஒருத்தராகத்தான் இருக்கும்.

அதை அவருக்கு எடுத்துச் சொன்னது ஒரு பெண். டைப்ரைட்டிங் பள்ளி தொடங்க இடம் தேடி, தன் அண்ணனோடு வந்தாள். போர்டைப் பார்த்தாள், கீழே இவரைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மனசு கேட்காமல் பக்கத்தில் வந்து, "சார், தப்பா நினைக்காதீங்க, அந்த போர்டைக் கொஞ்சம் தள்ளி மாட்டக்கூடாதா?" என்று கேட்டாள். ஏன் என்றார். அவள் மெதுவாக விளக்கினாள். அவர் எழுந்து தெருவில் இறங்கி நின்று, தன் காலி நாற்காலியையும் அதன் மேல் இருந்த போர்டையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நடுத்தெரு என்றும் பார்க்காமல் சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. தன்னைப் பார்த்தே இப்படிச் சிரிக்கிறவனோடு காலம் தள்ளுவது கஷ்டமாக இருக்காது என்று அப்போதே முடிவு செய்துவிட்டதாக அவள் பிற்பாடு சொல்வதுண்டு. அவள்தான் அவர் மனைவி.

ஆனால் போர்டு அங்கேயேதான் இருந்தது. தள்ளி மாட்டலாம் என்றால் இன்னொரு ஆணி வேண்டும். முகப்பு முழுக்கக் கருங்கல். அந்தக் காலத்தில் முதலாளியம்மாவின் கொள்ளுத்தாத்தா துணிக்கிடங்காகக் கட்டியது அது. பொதிகளை மாடிக்கு ஏற்றிய கப்பி உத்தரம் இன்னும் முகப்பில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. துணி வியாபாரம் படுத்த பிறகு கீழே ஒரு வங்கி வந்தது. அது போனபின் அதன் கம்பிக் கூண்டுகள் மட்டும் மிஞ்சின. இத்தனை பேர் வந்து போயும் அந்தக் கல்லில் ஒருத்தர்கூட ஆணி அடித்ததில்லை என்பதில் முதலாளியம்மாவுக்கு ஒரு பெருமை. அந்தச் சுவரில் அடிப்பதும் தன் முதுகில் அடிப்பதும் ஒன்றுதான் என்பார். கொக்கியும் விளக்கு தொங்கவிடுவதற்காகக் கட்டும்போதே வைத்தது. சரி, நாற்காலியை நகர்த்தலாம் என்றால் இந்தப் பக்கம் வெயில், அந்தப் பக்கம் கண்ணாடிக்கடை வாசல். எழுத்தையாவது மாற்றுவோம் என்று ஒரு தடவை "மேல்மாடி வாடகைக்கு" என்று எழுதிப் பார்த்தார். இருக்கிறதையும் வாடகைக்கு விட்டுட்டியா என்று தெரு கேட்டது. பழைய வாசகமே தேவலை என்று திரும்ப எழுதிவிட்டார்.

அன்றிலிருந்து தெருவுக்கு அவர் பெயர் மேல்மாடி. "மேல்மாடியைக் கூப்பிடு", "மேல்மாடி சாப்பிடப் போயிருக்கு" என்று பேச்சிலேயே அது கலந்துவிட்டது. அவருக்கு அதில் வருத்தம் இல்லை. பெயர் என்று ஒன்று இருந்தால்தானே நாலு பேர் கூப்பிட முடியும் என்று விட்டுவிட்டார்.

டைப்ரைட்டிங் பள்ளி இருந்தவரை போர்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. மாடி பூராவும் ஒரே நீளக் கூடம், மரப்பலகைத் தரை. மேலே வரிசையாகப் பெண்களும் ஆண்களும் தட்டத் தட்ட, கீழே இவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். யார் புதுசு, யார் பரீட்சைக்குத் தயார் என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். சட்டென்று எல்லாச் சத்தமும் நின்று ஒரே ஒரு மெஷின் மட்டும் படபடவென்று ஓடினால், அது டீச்சர் செய்து காட்டுகிறாள் என்று அர்த்தம். அந்த நேரத்தில் யார் வந்து பேசினாலும் இவர் காதில் விழாது. கல்யாணமானபின்னும் அப்படித்தான். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, மெஷின்களை ஒவ்வொன்றாக எடைக்குப் போட்டார்கள், டீச்சர் ஒரு அலுவலகத்தில் வேலைக்குப் போனாள், போர்டு மறுபடி கொக்கிக்கு ஏறியது.

கீழே கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் எதற்கும் அசையாமல் அங்கேயே இருந்தார். கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி போட்டுத் தருகிறவர். இவரைவிடக் கொஞ்சம் மூத்தவர், நாக்கில் எப்போதும் ஒரு கிண்டல். வியாபாரம் மந்தமான நேரங்களில் இரண்டு பேரும் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டுச் சதுரங்கம் ஆடுவார்கள். கண்ணாடிக்கடைக்காரர்தான் எப்போதும் ஜெயிப்பார், ஜெயித்துவிட்டு அண்ணாந்து போர்டைப் பார்த்துத் தலையாட்டுவார். மேல்மாடியின் மகள் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே வந்து, மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பார்த்தே கற்றுக்கொண்டாள். கொஞ்ச நாளில் அப்பாவை எழுப்பிவிட்டு அவர் இடத்தில் உட்கார ஆரம்பித்தாள்.

இதெல்லாம் அவள் ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படிக்கிறவரைதான். ஒருநாள் அவளுடைய பள்ளிக்கூடத்தில் இருந்து சில பிள்ளைகளைக் கண் பரிசோதனைக்காகக் கண்ணாடிக்கடைக்கு அழைத்து வந்தார்கள். அவளும் அதில் ஒருத்தி. இவர் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்த சந்தோஷத்தில் பல்லெல்லாம் தெரிய எழுந்து கையாட்டினார். எழுந்ததில் தலை போய் போர்டில் முட்டியது, தகரம் டங்கென்று சத்தம் போட்டது. காலிப் பாத்திரத்தில் தட்டின சத்தம். பிள்ளைகள் போர்டைப் படித்தார்கள். அதற்குப் பிறகு அங்கே நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் அவள் தலையைத் தட்டிப் பார்த்து "டங்" என்று சொல்லாத ஆள் பாக்கியில்லை.

வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். போர்டை எடுத்துவிடச் சொன்னாள். அது தன் கையில் இல்லை, குடிவந்தவர்கள் போனால் மாட்டித்தான் ஆகவேண்டும் என்று அவர் விளக்கினார்.

"அப்ப சரி. அந்த போர்டுக்கு இனிமே வேலையே இல்லைன்னு ஆகட்டும், அன்னைக்கு நான் அந்தப் படியில கால் வைக்கிறேன்," என்றாள்.

சின்னப் பிள்ளைதானே, நாலு நாளில் மறந்துவிடும் என்று நினைத்தார். அவள் தன் அம்மாவைக் கொண்டு பிறந்தவள். நாலு நாள் பல வருஷமாகிவிட்டது. தெருமுனை வரை வருவாள், சாப்பாட்டுப் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவாள். வாசலைத் தாண்ட மாட்டாள். வீட்டில் அப்பாவோடு சிரிப்பாள், சண்டை போடுவாள், அவர் சட்டைக்கு பட்டன் தைத்துத் தருவாள், எல்லாம் உண்டு. அந்தக் கட்டடம் மட்டும் கூடாது. மகள் ஒருநாள் இந்தப் படி ஏறி வரவேண்டும் என்பது ஒன்றுதான் அப்புறம் அவருக்கு ஆசை என்று இருந்தது. சம்பள உயர்வுகூட அதற்குப் பிறகு அவர் கேட்டதில்லை.

ஆட்டம் என்னவோ நிற்கவில்லை. அவள் வராவிட்டால் என்ன, நடமாட ஓர் ஆள் இருக்கிறாரே என்று கண்ணாடிக்கடைக்காரர் யோசனை சொன்னார். காலையில் மகள் தன் நகர்த்தலைச் சொல்லி அனுப்புவாள். சாயங்காலம் கண்ணாடிக்கடைக்காரர் தன்னுடையதைச் சொல்லி அனுப்புவார். வீட்டில் ஒரு பலகை, கடையில் ஒரு பலகை, நடுவில் மேல்மாடியின் தலை. எழுதிக் கொடுங்கள் என்று இவர் கேட்டால், தலையில் இடம்தான் காலியாக இருக்கிறதே, அதில் வையும் என்பார் கண்ணாடிக்கடைக்காரர். அதனால் வழியெல்லாம் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே நடப்பார். யாராவது எதிரில் வந்து சௌக்கியமா என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார், சொன்னால் மறந்துபோகும். பஸ்ஸில் கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டதற்கு, "யானை நேரா போயி சிப்பாயை அடிக்கணும்" என்றார் ஒருநாள். தெரு வைத்த பெயர் பஸ் வரைக்கும் பரவியது அப்படித்தான்.

ஒருதடவை இடது பக்கத்துக் குதிரைக்குப் பதில் வலது பக்கத்துக் குதிரையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அதில் கண்ணாடிக்கடைக்காரரின் ராணி போயிற்று. அவர் ஒரு வாரம் இவரோடு பேசவில்லை, ஆனால் அந்த ஒரு வாரமும் சாயங்காலமானால் நகர்த்தலை மட்டும் விறைப்பாகச் சொல்லி அனுப்பினார். மகள் கல்லூரிக்குப் போகும் வயதில், குதிரை மாறாமலே அவர் தோற்க ஆரம்பித்தார். "உம்ம பங்கையும் சேர்த்து உம்ம பொண்ணே எடுத்துக்கிட்டுப் பொறந்திருக்கா" என்று ஒருநாள் சொன்னார். தான் கேட்ட பாராட்டுகளிலேயே உயர்ந்தது அதுதான் என்று மேல்மாடி அதை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒரு எழுத்துகூட மாறாமல் ஒப்பித்தார்.

இதற்கு நடுவில் மாடிக்கு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். வந்தவர்கள் குறைவு. அதற்குக் காரணம் இவர் வாய். இடம் பார்க்க யார் வந்தாலும் மேலே அழைத்துப் போய், அதன் குறைகளை முதலில் இருந்து கடைசி வரை சொல்லிவிடுவார். இந்த மூலையில் மழைத்தண்ணீர் இறங்கும், அந்த ஜன்னலில் மத்தியானத்துக்கு மேல் வெயில் கண்ணைக் குத்தும், புறாக்கள் சொன்னால் கேட்காது, பலகையில் நடந்தால் கீழே கேட்கும். வந்தவர் யோசித்துச் சொல்கிறேன் என்று இறங்கிப் போவார், போனவர் போனவர்தான். இடத்தை வாடகைக்கு விடுகிறவன் பேசுகிற மாதிரியா பேசுகிறீர்கள், பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணின் கோபத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரியல்லவா இருக்கிறது என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டு பிறகு என்னைக் கரித்துக்கொட்டுவதற்கு இது மேல் என்பார் இவர்.

எல்லாம் கேட்டும் பரவாயில்லை என்று வந்தது ஓர் உடற்பயிற்சிக் கூடம். பலகையில் நடந்தால் கேட்கும் என்றுதான் இவர் சொல்லியிருந்தார், இரும்புக் குண்டைப் போட்டால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியாது. மேலே ஒவ்வொரு தடவை எடையைக் கீழே போடும்போதும் கண்ணாடிக்கடையில் எழுத்து அட்டை குதித்தது. பார்வை எப்படி இருக்கிறது என்று கேட்டால், எழுத்தெல்லாம் துள்ளுகிறது என்றார்கள் வந்தவர்கள். இவ்வளவு பேருக்கு ஒரே மாதிரிக் கோளாறா என்று கண்ணாடிக்கடைக்காரர் கவலைப்பட்டு, தடித்த கண்ணாடியாகப் போட்டுக் கொடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் படியைத் தவறவிட்டார்கள், அடுத்த வீட்டுக்காரியைத் தங்கள் மனைவி என்று கூப்பிட்டார்கள். ஒரு விடுமுறை நாளில், உடற்பயிற்சிக் கூடம் பூட்டியிருந்தபோதுதான் எழுத்து அட்டை நிம்மதியாகத் தொங்குவதை அவர் கவனித்தார். அதற்குப் பிறகு அவர் போட்ட கூச்சலில் எடைகள் கீழே இறங்கின, போர்டு மேலே ஏறியது.

பிறகு சோபாக்கடை. படிக்கட்டு திரும்புகிற இடத்தில் பெரிய சாமான் ஏறாது என்று இவர் சொன்னார். அப்படியானால் துணிப் பொதி ஏற்றின கப்பி எதற்கு இருக்கிறது என்றார் சோபாக்கடைக்காரர். முதல் சோபாவைக் கயிறு கட்டி இழுத்தார்கள். அழகாகப் போனது, ஜன்னலில் பாதி நுழைந்தது, அதற்குமேல் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அன்று மத்தியானம் கடைத்தெருவில் யாரும் வியாபாரம் பார்க்கவில்லை. எல்லாரும் அண்ணாந்து நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். காலைக் கழற்றச் சொன்னது இவர்தான், அதாவது சோபாவின் காலை. ஒருவழியாக உள்ளே போனது. ஆனால் வாங்குகிறவர்களுக்கு அதைத் திரும்ப இறக்க வேண்டும் அல்லவா, அதை யாரும் யோசிக்கவில்லை. உட்கார்ந்து பார்க்க வந்தவர்கள் நிறைய, வாங்கினவர்கள் இல்லை. சோபாக்கடைக்காரர் போகும்போது இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் எல்லாம் சொன்னீர்கள், நான்தான் கேட்கவில்லை என்றார். அதில் இவருக்கு ஒரு திருப்தி. ஆனால் போர்டை எடுத்து மாட்டும்போது அந்தத் திருப்தி எங்கே போனதென்று தெரியவில்லை.

அதற்குள் மகள் சதுரங்க ஆசிரியை ஆகிவிட்டாள். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு வீட்டில் பக்கத்திலேயே டிவி ஓடும், இன்னொரு வீட்டில் மிக்ஸி ஓடும், மற்றொரு வீட்டில் தம்பி வந்து ராஜாவை வாயில் போட்டுக்கொள்வான். சத்தமில்லாத ஒரு கூடம் கிடைத்தால் எல்லாரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துவிடலாம் என்று தேடித் தேடி அலுத்துப்போனாள். பார்த்த இடமெல்லாம் ஒன்று ரோட்டு மேல் இருந்தது, இல்லையென்றால் பட்டறைக்குப் பக்கத்தில் இருந்தது.

மேல்மாடிக்கு இதெல்லாம் தெரியும். அந்தக் கருங்கல் சுவருக்குள் தெருச் சத்தம் வராது என்பதும் தெரியும். நம்ம மாடி சும்மாதான் கிடக்கிறது என்று சாப்பாட்டு நேரத்தில் ஒருதடவை காற்றோடு சொல்வதுபோல் சொல்லிப் பார்த்தார். முதலில் போர்டு இறங்கட்டும் என்றாள் மகள். நீ வந்தால்தானே அது இறங்கும் என்றார். அவள் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்தாள். அப்பனும் மகளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டே நில்லுங்கள் என்று மனைவி எழுந்து போய்விட்டாள். அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை. வந்தவரையெல்லாம் திருப்பி அனுப்பிய மாடி அது. அங்கிருந்து மகளும் ஒருநாள் முகம் தொங்கிப்போய் இறங்கி, அவள் தலை மறைவதற்குள் தன் கையாலேயே போர்டை மாட்ட வேண்டி வந்தால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு உள்ளூர இருந்தது.

இப்படியிருக்கும்போது முதலாளியம்மா வயதாகிவிட்டது என்று கட்டடப் பொறுப்பைத் தம்பி மகனிடம் கொடுத்தார். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். வந்ததும் இவரை அங்கிள் என்றான், இவர் நாற்காலியில் உட்காரும்வரை தான் உட்காரவில்லை. கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தன் திட்டத்தைச் சொன்னான். முகப்பைக் கழுவி அந்தக் காலத்தில் இருந்த மாதிரியே ஆக்கப் போகிறான். கொக்கி, தகரம் எல்லாம் எடுத்துவிடலாம். மாடியைப் போனில் விளம்பரம் போட்டுவிடலாம், படம் பார்த்து வருவார்கள். படிக்கட்டுக்கு எண் அழுத்தினால் திறக்கிற பூட்டு. பிறகு வாசலில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

"நீங்களும் எவ்வளவு காலம்தான் உட்கார்ந்திருப்பீங்க அங்கிள், வீட்டுல நிம்மதியா இருங்க," என்றான்.

அவன் வாஞ்சையோடுதான் சொன்னான். அதனால் கோபப்படக்கூட முடியவில்லை. சரிப்பா என்று தலையாட்டினார். அன்று சாயங்காலம் கண்ணாடிக்கடைக்காரர் சொன்ன நகர்த்தலை வழியில் முணுமுணுக்க மறந்துபோனார். வீட்டுக்கு வந்தபோது அது தலையில் இல்லை. இத்தனை வருஷத்தில் குதிரையை மாற்றிக் கொண்டுவந்திருக்கிறார், வெறுங்கையோடு வந்ததில்லை.

என்ன நகர்த்தினார் என்று மகள் கேட்டாள். மறந்துவிட்டது என்றார். அவள் பலகையில் இருந்து தலையைத் தூக்கினாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு சந்தோஷ சமாச்சாரம் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், போர்டை எடுத்துவிடப் போகிறார்கள், இனிமேல் அதற்கு வேலையே இல்லை, நீ கேட்ட மாதிரியே ஆகிவிட்டது, இனி நீ தாராளமாக அங்கே வரலாம் என்றார். நாற்காலியைப் பற்றிப் பேச்சோடு பேச்சாகச் சொல்லி முடித்துவிட்டார். மகள் பலகையில் இருந்த காய்களை எடுத்துப் பெட்டியில் போட ஆரம்பித்தாள். ஆட்டம் பாதியில் இருக்கிறதே என்றார். நாளைக்கு நேரில் ஆடிக்கொள்கிறேன் என்றாள்.

மறுநாள் காலை அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், தெருமுனையில் மகள் வந்தாள். அங்கேயே நிற்பாள் என்று இவர் எழுந்து போகப் பார்த்தார். அவள் நிற்கவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக வந்து, நாற்காலிக்கு எதிரில் நின்று, தலைக்கு மேல் இருந்த போர்டை ஒரு எழுத்து விடாமல் படித்தாள்.

"சார், மேல்மாடி காலியா?" என்று கேட்டாள்.

கண்ணாடிக்கடைக்காரர் கடையை விட்டு வெளியே வந்துவிட்டார். மேல்மாடியின் வாய் தானாகவே, காலிதாம்மா, வந்து பாருங்க என்றது. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். படியில் கால் வைக்கும்போது பின்னால் அவள் காலடி கேட்கிறதா என்று நின்று கேட்டார். கேட்டது. திரும்பிப் பார்த்தால் கண் காட்டிக்கொடுத்துவிடும் என்று அப்படியே ஏறினார்.

"போர்டு இன்னும் தொங்குதேம்மா," என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"போர்டு இறங்கினா வரேன்னுதான்ப்பா சொன்னேன். நீங்க இறங்கினா வரேன்னு நான் எப்ப சொன்னேன்?"

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேலே போய்க் கதவைத் திறந்தார்.

உள்ளே போனதும் பழக்கதோஷம் விடவில்லை. மகளாக இருந்தால் என்ன, இடம் பார்க்க வந்தவள். இந்த மூலையில் மழைத்தண்ணீர் இறங்கும் என்று ஆரம்பித்தார். அங்கே யாரையும் உட்கார வைக்கவில்லை, வாளி வைத்துக்கொள்கிறேன் என்றாள். வெயில் என்றார். திரை போடுகிறேன் என்றாள். புறா என்றார். அவையும் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்றாள். நடந்தால் கீழே கேட்கும் என்றார். சதுரங்கத்தில் யாரும் ஓட மாட்டார்கள் அப்பா, உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்வார்கள், அந்தச் சத்தம் கீழே கேட்காது என்றாள். அவருக்குச் சொல்ல வேறு குறை அகப்படவில்லை. வாழ்நாளில் முதல்தடவையாக அந்தக் கூடத்தின் நடுவில் நின்று, நல்ல இடம்தான் என்றார்.

வந்தவர்களெல்லாம் போய்விட்டார்களே, நீயும் ஒருவேளை என்று மட்டும் இழுத்தார். போனால் போகிறது, நீங்கள் போர்டை எடுத்து மாட்டுங்கள், நான் பக்கத்தில் நின்று தகரத்தைப் பிடித்துக்கொள்கிறேன் என்றாள் மகள். அந்தப் பதிலில் அவருக்குப் பயம் விட்டுப்போயிற்று.

தம்பி மகனிடம் அவளே பேசினாள். வாடகையில் பேரம் பேசவில்லை. முகப்பைக் கழுவுங்கள், கொக்கி இருக்கட்டும். பூட்டு வேண்டாம், சின்னப் பிள்ளைகள் வந்து போகிற படிக்கட்டுக்கு எண்ணை அழுத்தினால் போதாது, வாசலில் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் அங்கேயே பழகினவராக இருந்தால் நல்லது என்றாள். அவனுக்கு விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. அங்கிளுக்குப் புது நாற்காலி ஒன்று வாங்கிவிடுகிறேன் என்றான். பழையதுதான் முதுகுக்குச் சரியாக இருக்கிறது என்றார் அங்கிள்.

சதுரங்கப் பள்ளிக்கு என்ன பெயர் வைப்பது என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "மேல்மாடி" என்றே பெயர் வைத்தாள். முகப்புக் கல்லில் ஆணி அடிக்கக்கூடாது என்பதால் அதை ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக எழுதினாள். பெயர் வாயில் ஒட்டிக்கொண்டது. எங்கள் பிள்ளைக்கு மேல்மாடி இருக்கிறது என்று பெற்றவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். கண்ணாடிக்கடையில் எழுத்து அட்டை ஆடாமல் அசையாமல் தொங்கியது. கண்ணாடிக்கடைக்காரர் நேரில் ஆடியும் தோற்றார், தோற்கத் தோற்க மாடிப்படி ஏறி மறுபடி வந்தார். கடையில் ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் அவர் நகர்த்தல் பழையபடி வாசலில் இருந்தவரின் தலை வழியாக மாடிக்குப் போனது.

கொஞ்ச மாதத்தில் ஒரு நாற்காலி போட இடமில்லாமல் கூடம் நிறைந்துவிட்டது. சேர்த்துக்கொள்ளச் சொல்லி வருகிறவர்களுக்கு மேல்மாடி வாசலிலேயே பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனார். ஒரு போர்டு எழுதி மாட்டிவிடலாம் என்று மகளிடம் சொன்னார். அவள் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து, சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்த பழைய தகரத்தை எடுத்தாள். புதுசாக எழுதக் கூடாதா என்று அவர் கேட்டார். இதிலேயே எல்லாம் இருக்கிறது, ஒரு சொல்தான் பாக்கி என்றாள். அவர் அந்தக் காலத்தில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்ததால் பக்கத்தில் இடமே இல்லை. ஓரத்தில் நெருக்கி, வரிக்குக் கீழே இறங்கி, மடங்கி, சிவப்புப் பெயிண்டில் அந்தச் சொல்லை எழுதி, பெயிண்ட் காயும்முன்பே தன் கையால் கொக்கியில் மாட்டினாள்.

"மேல்மாடி காலி இல்லை."

அவர் தெருவில் இறங்கி நின்று அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்ததில் ஒரு தள்ளுவண்டியில் இடித்துக்கொண்டார். அப்புறம் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து போர்டைப் படித்துவிட்டு, கீழே அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் எல்லாருக்கும் சிரித்தார்.

மேலே இருந்து மகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, கண்ணாடிக்கடை மாமா என்ன நகர்த்தினார் என்று கேட்டாள். அவர் கொஞ்சமும் யோசிக்காமல், இடது பக்கத்துக் குதிரை என்று சொன்னார்.